பால் கணக்குக் காலண்டரில் ஒரு வேப்பிலை

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குப் பிசகாது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அரை லிட்டர் பால் வாங்கினால் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு, ஒரு லிட்டர் என்றால் இரண்டு கோடு, பால்காரர் வராத நாளில் ஒரு சுழி. 2011 அக்டோபர் 18ஆம் தேதிக் கட்டத்தில் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை இருக்கும். அத்தை கரிக்கட்டையால் வரைந்தது. அந்த இலையை வைத்துத்தான் என் மகளுக்கு என்ன நடந்தது என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

அப்போது எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியில் வீடு. நான் ஒரு நர்சரி பள்ளியில் யூகேஜி டீச்சர். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் என் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் பொரிப்பொரியாக வந்தது. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் மடியில் உட்கார்ந்துதான் எழுதுவாள். எனக்கு அப்போது நாள் தள்ளி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்.

அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை காலை, தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் சீப்புப் பட்டால் வலித்தது. தொட்டுப் பார்த்தால் சுண்டைக்காய் அளவுக்கு இரண்டு கட்டி. பத்து மணிக்கெல்லாம் முகத்தில் ஆரம்பித்து கழுத்து, மார்பு என்று இளஞ்சிவப்பாகப் பொரி இறங்கியது. விரல் முட்டியெல்லாம் வலி, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ‘அலர்ஜிதான்’ என்றார். அரிப்புக்கு மாத்திரை, தடவ ஒரு லோஷன். கர்ப்பம் என்று சொன்னேன், அதற்கு ஏற்ற மாத்திரைதான் என்றார். கார்டில் ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். ‘அலர்ஜியாவது ஒண்ணாவது. ஆத்தா வந்திருக்கா தாயி. அதுவும் செவ்வாக்கிழமை வந்திருக்கா’ என்றார். வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிப்பு நின்றது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால், நாள் தவறக் கூடாதென்று காலண்டரில் அடையாளம் வைத்தார். அப்படி வந்ததுதான் அந்த இலை. மூன்றாம் நாளே பொரி மறைந்துவிட்டது. ஆனாலும் ஏழு நாள் விரதம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கடைசித் தண்ணீர் ஊற்றினார்கள்.

இங்கே நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் செக்கப் போனபோது, ‘இடையில் காய்ச்சல், உடம்பு சரியில்லை என்று ஏதாவது?’ என்று கேட்டார்கள். ‘ஒரு அலர்ஜி வந்துச்சு, மாத்திரை போட்டுச் சரியாயிடுச்சு’ என்றேன். அலர்ஜி என்பது எனக்குப் பிடித்த பதிலாக இருந்தது. அம்மை என்று சொன்னால் படித்த டீச்சர் இப்படிப் பேசுகிறாளே என்று நினைப்பார்களோ என்று கூச்சம் வேறு. காதுக்குப் பின்னால் கட்டி, விரல் வலி, வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு இதே பொரி, இதில் ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். டாக்டரிடம் போனால் நோய்க்கு வைத்த பெயரைச் சொல்லாதீர்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், எந்தத் தேதி என்று சொல்லுங்கள் என்று இப்போது தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். பெயர் வைப்பது அவர்கள் வேலை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். குழந்தை மட்டும் கொஞ்சம் சின்னது என்றார்கள். டிசம்பர் 10ஆம் தேதி சந்திர கிரகணம் வந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து என்னை வெளியே விடவில்லை, கத்தி தொடவிடவில்லை, படுக்கையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், குழந்தை பிறந்த பிறகு வந்து பார்த்தவர்களில் பாதிப்பேர், ‘கிரகணத்தன்னைக்கு வெளியே கிளியே போனியா?’ என்றுதான் கேட்டார்கள். வர வேண்டியது கிரகணத்துக்கு ஏழு வாரம் முந்தியே வந்து போயிருந்தது.

2012 மே மாதம் மகள் பிறந்தாள். எடை 1.9 கிலோ. நாள் குறையாமல் பிறந்த குழந்தைக்கு இது ரொம்பக் குறைவு. ஆனால் ‘ஒல்லியான அம்மா, ஒல்லியான பிள்ளை’ என்று விட்டுவிட்டார்கள். இருபதாம் நாள், ஜன்னல் ஓரம் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஒரு பக்கமாக முகத்தில் விழுந்தது. கண்ணின் கருமணிக்கு நடுவில், கஞ்சி உறைந்தால் மேலே ஆடை கட்டுமே, அந்த நிறத்தில் ஒரு புள்ளி. திருப்பி அடுத்த கண்ணைப் பார்த்தேன். அதிலும் இருந்தது. அத்தையைக் கூப்பிட்டேன். ‘பால் தெறிச்சிருக்கும்’ என்று முந்தானையால் துடைக்க வந்தவர், பாதியிலேயே கையை எடுத்துவிட்டார்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. எழுபது வயதில் வர வேண்டியது இருபது நாளில் எப்படி வரும் என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தைகள் டாக்டர் ஒருவர் வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்திலும் சத்தம் இருக்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒரே கேள்வி: ‘மாசமா இருந்தப்ப உடம்புல பொரி மாதிரி எதாவது வந்துச்சாம்மா?’

நான் ‘அலர்ஜி’ என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்ற அத்தை, ‘அலர்ஜி இல்லம்மா, ஆத்தா. நான் குறிச்சு வச்சிருக்கேன்’ என்றார்.

மறுநாள் என் கணவர் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் கார்டில் கடைசி மாதவிடாய்த் தேதி ஆகஸ்ட் 20 என்று இருந்தது. விரல் விட்டு எண்ணி, ‘எட்டு வாரம் மூணு நாள்’ என்றார். மருத்துவம் படித்தவர் எழுதாமல் விட்ட தேதியைப் பள்ளிக்கூடமே போகாதவர் வரைந்து வைத்திருந்தார். ஆத்தாவா வைரஸா என்று அத்தையோடு நான் பிறகு சண்டை போட்டதே இல்லை. அவர் பெயரைத்தான் வேறாகச் சொன்னார், பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்.

வந்தது ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்பார்கள். பிள்ளைகளுக்கு வந்தால் மூன்று நாள் பொரி, அவ்வளவுதான். பாதிப்பேருக்கு வந்ததே தெரியாது. பெரியவர்களுக்கு என்னைப் போல மூட்டு வலி வரலாம். பொரி தெரிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மற்றவர்களுக்குத் தொற்றும். அதனால் பொரி வந்த பிள்ளையை ஒதுக்கி வைத்து மட்டும் தப்பிக்க முடியாது. ஒட்டி இரண்டு, மூன்று வாரத்தில் நமக்கு வெளியே தெரியும். கணக்குப் போட்டால் காலாண்டுப் பரீட்சை வாரம் சரியாக வந்து நிற்கிறது.

மூன்று நாளில் போகிற ஒரு பொரி வயிற்றுக்குள் இவ்வளவு செய்யுமா? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. டாக்டரம்மா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அம்மாவின் ரத்தத்தில் ஓடுகிற வைரஸ் நஞ்சுக்கொடியைப் பிடிக்கிறது. அங்கே ரத்தக் குழாய்களின் உள்பூச்சில் இருக்கும் செல்களுக்குள் பெருகுகிறது. அந்தச் செல்கள் உதிர்ந்து குழந்தையின் ரத்தத்தில் கலந்து போகின்றன. போன இடத்தில் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. சில செல்கள் சாகும். மற்றவை பிரிந்து பெருகுகிற வேகம் குறைந்துவிடும். நமக்கு உடம்பு கட்டி முடிந்த வீடு, நாலு செல் போனால் நாலு வரும். கருவுக்கோ அந்த எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில்தான் கண்ணின் லென்ஸும் இதயத்தின் சுவரும் காதின் நத்தைச் சுருளும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்துக்கு வர வேண்டிய செல் வராவிட்டால், பிறகு வந்து பயனில்லை. எடை குறைந்து பிறந்ததும் இதனால்தான். உடம்பு முழுக்கச் செல்களின் எண்ணிக்கையே குறைவு.

லென்ஸ் கதை இன்னும் விசித்திரம். லென்ஸைச் சுற்றி ஒரு உறை மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் வைரஸ் உள்ளே போய்விட்டால் அதோடு சிறைப்பட்டுவிடும். அம்மாவிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தியும் உள்ளே எட்டாது. பிறந்து இரண்டு, மூன்று வருஷம் ஆன குழந்தையின் புரையிலிருந்துகூட உயிருள்ள வைரஸை எடுத்திருக்கிறார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது அத்தைதான் எனக்குத் தெளிவாக்கினார். அவர் குழித்தறியில் முப்பது வருஷம் நெய்தவர். பாவு என்றால் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே போவது. ‘பாவுல இழை அறுந்தா சேலை முழுக்கக் கோடு விழும். ஊடையில அறுந்தா அந்த எடத்தோட போயிடும். அப்படித்தானே?’ என்றார். அப்படியேதான். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு குழந்தைகளைத் தொடும், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பைத் தொடும். 16 வாரம் வரை வந்தால் பெரும்பாலும் காதோடு போகும். 20 வாரத்துக்கு மேல் ஊனம் வருவது அபூர்வம். ஒரே வைரஸ்தான், வந்த தேதிதான் வேறு.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று நான் கோபப்பட்டதும் உண்டு. வயிற்றில் இருக்கும் எல்லாக் குழந்தைக்குமே நுரையீரலைத் தாண்டிப் போக இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு இணைப்புக் குழாய் திறந்திருக்கும். பிறந்த சில நாளில் அது தானாக மூட வேண்டும். என் மகளுக்கு மூடவில்லை. பிறப்பதற்கு முன்னால் அதைக் குறை என்று எந்த ஸ்கேனும் சொல்ல முடியாது. காது கேட்காததைப் படம் பிடிக்க முடியாது. கண் புரையும் எளிதில் பிடிபடாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் ஸ்கேனில் தெரியக்கூடியது நார்மல், அவ்வளவுதான்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஐஜிஎம் பாசிட்டிவ். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனையைப் பார்த்துப் பயந்து எனக்கு போன் செய்யும் பெண்கள் நிறைய. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் நோயை எதிர்க்க உடம்பு செய்யும் புரதங்கள். ஐஜிஜி என்பது பழைய சண்டையின் தழும்பு மாதிரி. முன்பு எப்போதோ நோய் வந்ததற்கோ ஊசி போட்டதற்கோ அடையாளம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். ஐஜிஎம் அண்மையில் நடந்த சண்டையின் அடையாளம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அதனால் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அது இருந்தால், குழந்தையே வைரஸோடு சண்டை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கருவைத் தாக்கும் தொற்றுகளைத் தேடிக் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ‘டார்ச்’ டெஸ்டில் ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்தால் அது நல்ல செய்தி. பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும். ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தாலும் உடனே முடிவுக்கு வரக் கூடாது. சில சமயம் காரணமில்லாமலும் வரும். பொரியும் இல்லை, பொரி வந்தவரோடு பழகவும் இல்லை என்றால் இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன் கருவைக் கலைப்பது பற்றிப் பேசுகிற எவரையும், டாக்டராகவே இருந்தாலும், இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு நம்புங்கள்.

‘முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?’ என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை.

டாக்டரம்மா அன்று கேட்ட இன்னொரு கேள்விதான் எங்களை உலுக்கியது. ‘வீட்டுல வேற யாராவது மாசமா இருக்காங்களா?’ என் நாத்தனார் மூன்று மாதம். அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தவள் பத்து நாளாக எங்களோடுதான் இருந்தாள், குழந்தையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். இப்படிப் பிறக்கும் குழந்தைகள் எச்சில், சிறுநீர் வழியாக ஒரு வருஷம் வரைகூட வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அன்றே அவளுக்கு ரத்தம் எடுத்தோம். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் இல்லை. சின்ன வயதிலேயே வந்து போயிருக்கிறது. அந்த ரிப்போர்ட் வந்த சாயங்காலம் அத்தை திண்ணையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இந்த நோயைக் கண்டுபிடித்த கதையிலும் பெண்கள் பேச்சு வருகிறது. 1940இல் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெரிதாகப் பரவியது. அடுத்த வருஷம் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் பிறவிப் புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். வெளியே காத்திருந்த அம்மாக்கள், மாசமாக இருந்தபோது வந்த பொரியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள். அவர் மற்ற கண் டாக்டர்களிடமும் விசாரித்து 78 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டினார். 68 தாய்மாருக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்தது. அதுவரை ஊனம் என்றால் பரம்பரை என்றே மருத்துவம் நினைத்திருந்தது. 1964, 65இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். 1969இல் அங்கே தடுப்பூசி வந்தது. நான் கர்ப்பமானது 2011இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைத் தனியாரிடம் விற்றார்கள், ஆனால் என் வயதுப் பெண்களுக்கு அரசு அட்டவணையில் ரூபெல்லா என்ற சொல்லே கிடையாது.

இரண்டரை மாதத்தில் கண் ஆபரேஷன். பிறவிப் புரையைச் சீக்கிரம் எடுத்தாக வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் போகாவிட்டால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய மூளைப் பகுதி சும்மா இருந்து மங்கிவிடும், பிறகு எடுத்துப் பயனில்லை. அந்த வயதில் உள்ளே லென்ஸ் வைக்கவில்லை. சோடாபாட்டில் அடி மாதிரிக் கண்ணாடி, தலையைச் சுற்றி எலாஸ்டிக். நாளைக்குப் பத்து முறை பால் கக்கிய கறையைத் துடைப்பேன். இன்றைக்கும் கண் அழுத்தம் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். இதயக் குழாயை ஒன்றரை வயதில் தொடை வழியாகக் கம்பி விட்டு அடைத்தார்கள். அது ஒன்றுதான் எளிதாக முடிந்தது.

காதைத் தாமதமாகக் கண்டுபிடித்தோம். கண்ணையும் இதயத்தையும் பார்த்த ஓட்டத்தில் எல்லோரும் காதை மறந்தோம். ஐந்தாம் மாதம், அடுப்பில் குக்கர் மூன்று விசில் விட்டது. பக்கத்துப் பாயில் கிடந்தவள் கையைக்கூட அசைக்கவில்லை. பெரா டெஸ்டில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் அன்றே தேடுங்கள். கண், காது, இதயம் மூன்றும் ஒரே தட்டில் வருபவை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை ஆபரேஷன் செய்து பொருத்துகிறார்கள். மகளுக்கு இரண்டரை வயதில் வைத்தோம். ஆபரேஷன் மூன்று மணி நேரம்தான், அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் திண்டுக்கல் போய் வந்தோம். ‘தண்ணி’ என்று அவள் முதலில் சொன்னது தண்ணீருக்காக இல்லை, டாட்டா சொல்வதற்கு. எல்லாவற்றுக்கும் தண்ணிதான் கொஞ்ச நாள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து எம்ஆர் ஊசி முகாம் வந்தது. தமிழ்நாட்டோடு கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு. ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் எல்லோருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகள். நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் கண்டபடி வதந்தி. ஊசி போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் சோதனை செய்கிறான் என்று என்னென்னவோ. என் வகுப்பில் பாதிப் பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு அம்மா நேராகவே கேட்டார்: ‘டீச்சர், உங்க பொண்ணுக்குப் போடுவீங்களா?’

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கனத்த கண்ணாடி, காதுக்குப் பின்னால் வட்டக் கருவி. முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ரூபெல்லா அவளுக்கு இனி வராது, தட்டம்மைக்காவது ஆகட்டும் என்று போட்டோம். சாயங்காலத்துக்குள் மறுத்து எழுதியவர்களில் பலர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் பாராட்டினார். ஆனால் என் பிள்ளையைக் காட்சிப் பொருளாக நிறுத்தினேனோ என்ற உறுத்தல் போகவில்லை. அப்புறம் அப்படிச் செய்ததில்லை. கேட்கிறவர்களிடம் வாயால் சொல்வதோடு சரி.

இப்போது எம்ஆர் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் ஒன்று என்று அரசு அட்டவணையிலேயே இருக்கிறது, இலவசம். ஆனால் முகாமின்போது பதினைந்து வயதைத் தாண்டியிருந்தவர்கள்தான் இப்போது கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறுகிற பெண்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கல்யாணப் பட்டு எடுக்கும்போதே ரூபெல்லா ஐஜிஜி பார்த்துவிடுங்கள். இல்லை என்று வந்தால் எம்எம்ஆர் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கர்ப்பம் தரிக்கலாம். உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்யும் ஊசி என்பதால் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற பிறகு, பால் கொடுக்கும்போது தாராளமாகப் போடலாம்.

கர்ப்பத்தில் பொரி வந்தாலோ, பொரி வந்தவரோடு இருந்தாலோ, அன்றைக்கே தேதியை எழுதுங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பொரி மறைந்துவிடும், போட்டோ இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் போன் செய்து சொல்லுங்கள், மற்ற கர்ப்பிணிகளோடு பெஞ்சில் உட்கார வேண்டாம். உண்மையைச் சொன்னால், ரூபெல்லா வந்த பிறகு கருவைக் காக்க மருந்து இல்லை. சின்னம்மை அப்படி இல்லை. அதுவும் இருபது வாரத்துக்குள் வந்தால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளைப் பாதிக்கும், ஆனால் சின்னம்மை வந்தவரோடு பழகிய பத்து நாளுக்குள் போனால் எதிர்ப்புப் புரத ஊசியும், வந்த பிறகு வைரஸ் மருந்தும் உண்டு. அதனால் வேப்பிலை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்த கையோடு டாக்டரையும் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொன்று. சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ். பிறவியில் வரும் தொற்றுகளில் உலகத்திலேயே அதிகம் இதுதான், பிறவிச் செவிட்டுக்கும் பெரிய காரணம். தடுப்பூசி இன்னும் இல்லை. அது பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வரும். இரண்டாவது முறை கர்ப்பமானபோது, டயப்பர் மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பெரியவள் கடித்த பிஸ்கட்டைத் தின்னாமல் இருப்பது, உதட்டில் முத்தம் கொடுக்காமல் நெற்றியில் கொடுப்பது என்று பழகினேன். மிச்சம் வைத்ததைத் தின்று வளர்ந்த எனக்கு அந்த பிஸ்கட் விஷயம்தான் கஷ்டம். குழந்தைக்கு அது இருக்கிறதா என்று பிறந்து மூன்று வாரத்துக்குள் எச்சிலோ சிறுநீரோ எடுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். 2015இல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது ஜிகா, மூளையாக வளர வேண்டிய செல்களையே தேடிப் பிடிப்பது. 2021இல் கேரளத்துக்கும் வந்தது. டெங்கு பரப்பும் அதே பகல் கொசுதான், குடத்தை மூடி வைத்தால் இரண்டுக்கும் ஆகும்.

எனக்கு ஒரு முறை வந்துவிட்டதால் ரூபெல்லாவைப் பற்றிப் பயமில்லை என்றார்கள். சின்னவன் 2018இல் நன்றாகப் பிறந்தான். மூன்று கிலோ. விசில் அடித்தால் வீறிட்டு அழுவான், குக்கர் வைக்கவே பயமாக இருக்கும்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று. ரூபெல்லாவோடு பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரையும் தைராய்டும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் வருஷம் ஒரு முறை ரத்தம் பார்க்கிறோம். படம் வரைவாள். தாளை மூக்குக்கு நாலு விரல் தள்ளி வைத்துக்கொண்டு வரைவாள். போன மாதம் ஆஸ்பத்திரி ஃபைலில் எதையோ தேடினபோது அந்த அக்டோபர் மாதக் காலண்டர் தாள் வெளியே வந்தது. பால் கோடுகளையெல்லாம் எண்ணிவிட்டு இலையில் வந்து நின்றாள்.

‘இது யாரு வரைஞ்சா?’

‘அப்பத்தா. நீ வயித்துல இருந்தப்ப. வேப்பிலை.’

கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாளை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். ‘வேப்பிலைக்கு ஓரத்துல ரம்பம் மாதிரி இருக்கும்மா. இது புளிய இலை’ என்றாள்.